சுபப் பெட்டி, துக்கப் பெட்டி, ஹார்லெம் பெட்டி

மைக் செட்டுக்காரன் கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் போகவேண்டும், சாவு வீட்டிலிருந்து பிணத்துக்கு அப்புறம்தான் கிளம்பவேண்டும். இரண்டு வீட்டிலும் சாப்பாடு மட்டும் அவனுக்குக் கடைசிப் பந்தி.

மலாயாவில், மலாக்கா ஊரின் காஜா பேராங்கில், கோவிந்தசாமி முதலாளியின் மைக் செட்டுக் கடையில் நான் பத்து வருஷம் குப்பை கொட்டினேன். தென்னை மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, ரிக்கார்டு மாற்றுவது, திட்டு வாங்குவது, நாலும் என் வேலை. அடுத்தவன் பாட்டையே காலமெல்லாம் ஊருக்குப் போட்டுக்காட்டிவிட்டு, தன் பாட்டைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு நெளிகிற ஆள் நீங்களும்தானே? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. கிட்ட வந்து உட்காருங்கள். இதெல்லாம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷத்திலும் அதற்கு முந்தின வருஷத்திலும் நடந்தவை.

துரை விட்டுப்போன பெட்டி

சுதந்திரம் வரப்போகிறது என்று உறுதியானதும் துரைமார் வீடுகளில் சாமான் கட்ட ஆரம்பித்தார்கள். மேட்டு பங்களா துரையிடம் ஒரு அம்ப்ளிஃபையர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு முதலாளி போய் வாங்கினார். துரை கெட்டிக்காரர். கூடவே ஒரு மரப்பெட்டியையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார். உள்ளே இருபத்திரண்டு பழைய ரிக்கார்டு, இரண்டு இங்கிலீஷ் சஞ்சிகை. சஞ்சிகை முழுக்கப் படங்கள். கோட்டு சூட்டு போட்ட கறுப்பு மனிதர்கள் டிரம்பெட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தொப்பி வைத்த பெண்கள் ஒரு தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள்.

முதலாளி ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நம்ம நிறத்து ஆளுங்கதான். நல்லாத்தான் உடுத்தியிருக்கான்" என்றார். சரி, ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று முள்ளை வைத்தேன். ஐயோ, அந்த டிரம்பெட்! முதலில் அழுதது, அப்புறம் அழுகையை நிறுத்தாமலே சிரித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. முதலாளி முகத்தில் ஈ ஆடவில்லை. எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு: முதல் பாட்டு பிள்ளையார், கடைசிப் பாட்டு மங்களம், நடுவில் மெட்ராஸிலிருந்து வந்த சினிமா. இதில் டிரம்பெட்டுக்கு எங்கே இடம்? பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேணும்னா நீ வச்சுக் கேளு. என் குழாயில ஊரு கேட்கக் கூடாது."

எந்தப் பெட்டியில் போடுவது?

எங்கள் கடையில் ரிக்கார்டுகளுக்கு இரண்டே பெட்டி. சிவப்பு பெயின்ட் அடித்தது சுபப் பெட்டி. சாம்பல் நிறம் துக்கப் பெட்டி. துக்க வீட்டுக்குப் போய்வந்த ரிக்கார்டு அப்புறம் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. துடைத்தாலும் கூடாது, சூடம் காட்டினாலும் கூடாது. பத்து வருஷத்தில் இந்த விஷயத்தில் மட்டும் நான் தப்புச் செய்ததே இல்லை. இந்த இருபத்திரண்டும் வந்து என் கணக்கையெல்லாம் குழப்பிவிட்டன. ஒன்று ஒப்பாரி மாதிரி ஆரம்பித்து நடுவில் ஆட்டம் போடுகிறது. இன்னொன்றில் மேளம் குதிக்கிறது, பாடுகிறவன் குரல் அழப்போகிறது. இங்கிலீஷ் அவ்வளவு வேகமாக வந்தால் எனக்கு என்ன புரியும்? பெட்டி முன்னால் உட்கார்ந்து சிவப்பில் வைப்பேன், எடுத்துச் சாம்பலில் வைப்பேன், மறுபடி சிவப்பு. ஒரு வாரம் இதே வேலை.

கடைசியில் தேவனைக் கூப்பிட்டேன். தேவன் மலாக்கா சிட்டி, பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறி மலாய் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழ் வம்சம். எங்கள் கடைக்கு இரண்டு சந்து தள்ளி அவர்கள் கம்பம், அதாவது குடியிருப்பு. நெற்றி நிறையத் திருநீறு பூசுவான், தமிழ் மட்டும் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. எங்களுக்குள் மலாய்தான். இங்கிலீஷ் பள்ளியில் படித்து ஆபீஸில் கிராணியாக, குமாஸ்தா வேலை பார்த்தான். சஞ்சிகையைப் படித்து மலாயில் சொன்னான்: நியூயார்க்கில் ஹார்லெம் என்று ஒரு பேட்டையாம். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பருத்திக் காட்டை விட்டு ரயிலேறி வேலை தேடி வந்த இடமாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாலு தெருவுக்குள் ஒருத்தன் கவிதை எழுதினான், ஒருத்தி சிலை செய்தாள், ஒருத்தன் நாடகம் போட்டான், ஊதத் தெரிந்தவனெல்லாம் ஊதினான். வெள்ளைக்காரர்கள் காரில் வந்து கேட்டார்கள். சில மண்டபங்களில் மேடை ஏறிப் பாடினவனுக்குக் கீழே உட்கார நாற்காலி கிடையாதாம்.

கடைசிப் பந்திக்காரன் எனக்கு அது புரிந்தது. "அவங்க பாட்டு அவங்க தெருவிலயே முளைச்சிருக்கு பாரேன்" என்று வாயைப் பிளந்தேன். தேவன் சஞ்சிகையை மூடிவிட்டு மலாயிலேயே கேட்டான்: "சரிலா, நம்ம காஜா பேராங்குல என்ன முளைச்சிருக்கு, ஒண்ணு சொல்லு பார்க்கலாம்?"

மாப்பிள்ளை கேட்ட பாட்டு

அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மரத்தில் ஏறும்போதும் அதுதான், சோற்றில் கை வைக்கும்போதும் அதுதான். சொல்வதற்கு ஒன்று என்னிடம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்கு ஒரு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை என்று சொல்லி ஆட்களை ஏற்றிப் போனார்கள். என் அப்பாவும் ஏறினார். அப்பா வரவில்லை. மெட்ராஸ் பாட்டில் காவேரி வரும், தாமிரபரணி வரும், அந்த லாரி வராது. அதை நானே பாட்டாகக் கட்டவேண்டும், ஒரே ஒரு தடவை இந்தக் குழாயில் பாடவேண்டும். அவ்வளவுதான் எனக்கு ஆசை. அது ஒரு பக்கம் அரித்துக்கொண்டிருக்க, கை சும்மா இருக்குமா? ஒரு கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, முதலாளியும் பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து, மேளம் குதிக்கிற அந்த ஹார்லெம் ரிக்கார்டைப் போட்டுவிட்டேன். அதைச் சுபப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். தாளம் அப்படி.

பந்தலில் இருந்த குழந்தைகள் ஆட ஆரம்பித்தன. பெண்ணின் தாய்மாமா இங்கிலீஷ் வாத்தியார். அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். "அடப்பாவி, இவன் என்ன பாடுறான்னு தெரியுமா? பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளாம், அவ போட்டுப்போன செருப்பைப் பார்த்து அழறானாம்! இதைக் கல்யாண வீட்டுல போடுறியே, நீ உருப்படுவியா?" பத்து வருஷத்து நல்ல பேர் ஒரு ரிக்கார்டில் போயிற்று. முள்ளை எடுக்கக் கையை நீட்டினேன். மணமேடைக்குப் போகத் தயாராக நின்ற மாப்பிள்ளை பக்கத்து அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அண்ணே, நிறுத்தாதீங்க. போனது அவன் பெண்டாட்டிதானே, எனக்கு இன்னும் வரவே இல்லையே!"

முனியம்மா அக்கா வீட்டுத் துக்கம்

வாத்தியார் மாமா விடுவாரா? முதலாளியிடம் புகார் போனது. "இன்னொரு தரம் இப்படி நடந்தா கடையில உனக்கு வேலை இல்லை" என்றார் முதலாளி. நான் தலையை ஆட்டினேன். ஆட்டின தலை அடங்கினால்தானே?

முனியம்மா அக்கா எங்கள் சந்தில் துணி துவைத்துக் கொடுக்கிறவர். வீட்டுக்காரர் ரோடு போடும் கூலி. ஒரு நாள் வேலையிலேயே சாய்ந்துவிட்டார். குழாய் கட்டப் போனேன். துக்கப் பெட்டியிலிருந்து வழக்கமான தத்துவப் பாட்டுகளாகப் போட்டேன். காயம் பொய், உறவு பொய், கட்டின வீடு பொய் என்று ஒவ்வொன்றாகப் பாடி முடிந்தது. முனியம்மா அக்கா சுவரில் சாய்ந்தபடி அசையாமல் இருந்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அழுதுடு முனியம்மா, உள்ளே வச்சுக்காதே" என்று பெண்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். கை தானாக அந்த டிரம்பெட் ரிக்கார்டுக்குப் போனது. மெதுவாகத்தான் வைத்தேன்.

வாசலில் இருந்த ஆண்கள் குழாயைத் திரும்பிப் பார்த்தார்கள். இறந்தவரின் தம்பி எழுந்து, "என்னடா இது, கூத்தா நடக்குது?" என்று சத்தம் போட்டார். நான் பயந்துபோய் முள்ளை எடுத்துவிட்டேன். அப்போதுதான் உள்ளேயிருந்து முனியம்மா அக்கா முதல்தடவையாக வாய் திறந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "தம்பி, அந்த ஊதுறவனைத் திரும்பப் போடு. அவனுக்குத்தான் எனக்கு என்னான்னு தெரியுது."

ஆள் பிடிக்கப் போனேன்

அந்தப் புகாரும் முதலாளிக்குப் போனது. முனியம்மா அக்காவே நேரில் வந்து பேசியதால் வேலை தப்பித்தது. ஆனால் இனிமேல் பேச்சே கிடையாது, நேரே வெளியேதான் என்று சொல்லிவிட்டார். எனக்கோ அன்றைக்கே பாட்டு வர ஆரம்பித்துவிட்டது. ரிக்கார்டு உறைகளின் பின்பக்கம் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். மெர்டேக்காவுக்கு எங்கள் கம்பத்துத் திடலில் சாயந்திரம் ஒரு கொண்டாட்டம் என்று கமிட்டி முடிவு செய்தது. மைக் நம்முடையது. சிறப்பு விருந்தினர் வருவார், பேசுவார், மெட்ராஸ் ரிக்கார்டு ஓடும், ஜனங்கள் கலைவார்கள். நடுவில் ஒரு கால்மணி நேரம் கம்பத்து ஆட்களே பாடினால் என்ன? ஆனால் நான் மட்டும் தனியாகப் பாடினால் பைத்தியம் என்பார்கள். துணைக்கு ஆள் வேண்டும்.

காச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை விற்கிற சின்னையா அண்ணன் இருக்கிறாரே, கடலைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் கூவினால் மூன்று சந்துக்குக் கேட்கும். மைக் என்றதும் பின்வாங்கினார். "கூவுறது வயித்துப்பாட்டுக்கு. மேடையில சினிமாப் பாட்டுன்னா சொல்லு, நான் கத்துக்கிட்டு வர்றேன்." தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்து தேவனின் சித்தி, மீனாட்சி மக்சிக். மக்சிக் என்றாலே மலாயில் சித்திதான். கெபாயா என்கிற மலாய்ச் சட்டை உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, அவர்கள் வீட்டு விசேஷங்களில் மலாயில் பாந்துன் பாடுவார். நின்ற நிலையில் நாலு வரி கட்டுவார். சிட்டி வீட்டுப் பாட்டு எங்கள் தமிழ்ப் பந்தலுக்கு வந்ததே இல்லை, எங்கள் பாட்டு அங்கே போனதும் இல்லை. இரண்டு சந்துதான் தூரம், வெட்கக்கேடு! தேவனை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன். மக்சிக் வெற்றிலையை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டார். பிறகு மலாயில் சொன்னார்: "பாடுறேன். ஆனா அந்த இரும்பைப் பார்த்துக்கிட்டுத் தனியாப் பாடுறது எனக்குப் பழக்கமில்லை, எதிர்ப்பாட்டுப் பாட ஒரு ஆள் வேணும்."

வருகிறேன் என்றவர் வராத அரைமணி

கொண்டாட்ட நாள் வந்தது. நாலு தென்னையில் நாலு குழாய், எல்லாம் என் கையால் கட்டினது. திடல் நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினரைக் காணோம். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் கார்ல போய் அழைச்சிட்டு வர்றேன், நீ ரிக்கார்டை ஓட்டிக்கிட்டு இரு" என்று கிளம்பினார். கார் முனை திரும்பியதும் தேவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் வேறு கிடையாது. வேலை போனால் போகட்டும் என்று ஹார்லெம் ரிக்கார்டைச் சுழல விட்டேன். நாலு குழாயிலும் டிரம்பெட்! பிள்ளைகள் திடலைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள்.

அது முடிந்ததும் மீனாட்சி மக்சிக் மைக்குக்கு வந்து, யாரையும் கேட்காமல் நாலு வரி பாடினார். கடைத்தெருவில் கத்துகிறவர்கள் எல்லாம் வீட்டில் பெண்டாட்டியிடம் வாய் திறப்பதுண்டா என்று மலாயில் ஒரு கேள்வி. பாடிக்கொண்டே சின்னையா அண்ணனை நேராகப் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சின்னையா அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தட்டை இறக்கி வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்து, தான் கூவுகிற அதே ராகத்தில், வீட்டில் வாயில் கடலை இருந்தால் எப்படிப் பேசுவது என்று மலாயில் பதில் பாடினார். மக்சிக் விடவில்லை. அண்ணனும் விடவில்லை. சிட்டிக்காரர்களும் தமிழ்க்காரர்களும் ஒரே திடலில் கட்சி பிரிந்து கை தட்டினார்கள். காஜா பேராங்கில் முளைத்தது இதுதான் தேவா, பார்த்துக்கோ என்று கத்தத் தோன்றியது.

அப்புறம் என் முறை. மைக்கைப் பிடித்தேன். காகிதம் ஒரு கையில். திடல் முழுக்க என்னையே பார்க்கிறது. வாயைத் திறந்தேன். "ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன். டூ. த்ரீ." அவ்வளவுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தேன். "மைக் டெஸ்டிங்." யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. இறங்கிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தேன். முன்வரிசையில், வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்த முனியம்மா அக்கா எழுந்து நின்றார். "பத்து வருஷமா டெஸ்டிங் பண்ணிட்டே தம்பி, மைக்கு நல்லாத்தான் இருக்கு, பாடு!"

மறுநாள் காலை

பாடினேன். குரல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஏழு வரி பாடினேன்.

*லாரி வந்து நின்னுச்சே லயத்து வாசலிலே,*
*வேலை நூறு இருக்குன்னான், வேட்டி தாரேன்னான்,*
*பால்வாளி கவுத்துவச்சு ஏறிப்போன எங்கப்பன்*
*பார்த்துட்டுப் போனானோ, பார்க்காமப் போனானோ.*

*ஏறினது எத்தனை பேர் எண்ணிவச்ச ஆளில்லை,*
*கையக் காட்டிப் போனவங்க காட்டுக்குள்ள போனாங்க,*
*லாரி திரும்பி வந்துச்சே, லயமெல்லாம் ஓடினோமே —*

அந்த இடத்தில் கார் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர் இறங்கினார். முதலாளி மேடைக்கு ஓடிவந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மைக் ஒயரைப் பிடுங்கினார். அடுத்த நிமிஷம் மெட்ராஸ் ரிக்கார்டு ஓடியது, மாலை போட்டார்கள், பேசினார்கள். நான் குழாய்களை அவிழ்த்து இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாலு வரி மிச்சம் இருந்தது. அந்த நாலு வரிக்காக ஒரு வருஷம் தவித்திருக்கிறேன்.

காலையில் கடைச் சாவியைக் கொடுக்கப் போனேன். முதலாளி அம்ப்ளிஃபையர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டார். "பேச்சுன்னா பேச்சுதான், உனக்கு இங்கே வேலை இல்லை" என்றார். துரையின் மரப்பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தடியில், அதாவது கடை முன் நடைபாதையில், இறங்கிவிட்டேன். பின்னாலேயே செருப்பில்லாமல் வந்து என் கையைப் பிடித்தார். பத்து வருஷத்தில் அந்த மனிதர் கண் சிவந்து நான் பார்த்ததில்லை. "எங்க அண்ணனையும் சயாமுக்குத்தான் கொண்டுபோனாங்க. ராத்திரி பூரா தூக்கமில்லைடா. அந்த லாரி திரும்பி வந்துச்சுன்னு பாடினியே, அதுல யார் இருந்தாங்க?"

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து மிச்சமிருந்த நாலு வரி வரைக்கும் அந்த ஐந்தடியிலேயே பாடினேன். பத்து வருஷம் ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்ட எனக்கு, என் பாட்டை முழுசாகக் கேட்டவர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருத்தர்தான்: அதைப் பாதியில் நிறுத்தியவர்.